கெளுத்தி ராஜாவின் சொந்த ஊர்

எங்கள் ஃபெடரல் நீதிமன்றத்தின் வாசற்படிகள் வேண்டுமென்றே உயரமாகக் கட்டப்பட்டவை. ஏறி வருகிறவனுக்கு மூச்சு வாங்க வேண்டும். மூச்சு வாங்குகிறவன் குரலை உயர்த்த மாட்டான். உள்ளே பளிங்குத் தூண்கள், பித்தளைக் கழுகு, செத்துப்போன நீதிபதிகளின் எண்ணெய் ஓவியங்கள். ஓவியங்களில் இருக்கும் ஒருவருக்கும் தொந்தி இல்லை. அவர்களில் பாதிப்பேரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் நீதிபதி ஹோல்கமின் கோர்ட் கிளார்க். வழக்கைக் கூப்பிடுவது, சாட்சிக்குச் சத்தியம் செய்துவைப்பது, நீதிபதியின் தண்ணீரில் ஐஸ் மிதக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. வக்கீல் வைக்காமல் தானே வாதாட வருகிறவர்களிடம் “சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை” என்று சொல்வதும் என் பொறுப்பு. அதிகம் செய்வது இதைத்தான். கழிவறை எங்கே என்று கேட்ட ஒரு கிழவரிடம்கூட ஒருமுறை இதையே சொல்லிவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனார்.

வெர்லீன் ஸ்டிடம் என் மேஜைக்கு வந்து நின்ற அன்றும் இதைத்தான் சொன்னேன். ஐம்பது கடந்த பெண்மணி. நின்ற நிற்பிலேயே தெரிந்தது, வாழ்நாளெல்லாம் கையில் தட்டோடு நடந்தவர் என்று. வெறுங்கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“கண்ணு, என் கேஸைத் திருடிட்டாங்க. எங்க ஊர் கோர்ட்டுல போட்டேன். இப்ப இங்க இருக்குங்கறாங்க.”

“திருடல மேடம். மாத்திக்கிட்டு வந்திருக்காங்க.”

“என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போனா அதுக்குப் பேரு என்ன?”

“சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை.”

நடந்தது இதுதான். எங்கள் நகரத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் டான்சி கவுண்டி என்ற சின்ன மாவட்டம். ஆறு, ஒரு பாலம், தேவைக்கு மேல் தேவாலயங்கள். அங்கே கார்லண்ட் டாக்கெட் என்பவர் ‘கார்லண்ட்ஸ் ரிவர் ஹவுஸ்’ என்ற மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். ஒன்றாக இருந்த கடை இப்போது எங்கள் கென்டக்கி மாநிலம் முழுக்கக் கிளை விட்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் போகிற யாரும் அவருடைய விளம்பரப் பலகையிலிருந்து தப்ப முடியாது. வைக்கோல் தொப்பி போட்ட கார்லண்ட், கைக்குழந்தையைப் போல ஒரு கெளுத்தி மீனை அணைத்துக்கொண்டிருப்பார். கீழே மூன்று வரி: எங்க ஆறு. எங்க மீன். எங்க ஆளு.

ஆறு உண்மையிலேயே அவர்களுடையதுதான். மீன் வியட்நாமில் இருந்து வந்தது. உறைந்த கட்டியாக, பெட்டியில், பனி ஒட்டிக்கொண்டு வரும். முதல் கடையில் பல வருடம் பரிமாறிய வெர்லீனுக்கு இது தெரியும். பல வருடமாக “ஆத்து மீன்தான் கண்ணு, காலைல பிடிச்சது” என்று வாய் கூசாமல் சொல்லியும் வந்திருக்கிறார். ஒருநாள் சாப்பிட வந்த ஆள் மாநில உணவுத் துறையின் பேட்ஜை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். வெர்லீன் உள்ளதைச் சொன்னார். அதை அவர் வீரமாக நினைக்கவில்லை. என்னிடம் அவரே சொன்ன வார்த்தை: “சாப்பிட வந்தவன்கிட்டப் பொய் சொல்றது பொழப்பு. பேட்ஜ் போட்டவன்கிட்டப் பொய் சொன்னா ஜெயிலு.”

ஆய்வாளர் குறித்துக்கொண்டார், மீனை மிச்சம் வைக்காமல் முடித்தார், போனார். அதற்குப் பிறகு மாநில அரசு இந்த விஷயத்தில் மூச்சு விடவில்லை. வெர்லீனை மட்டும் அன்று சாயங்காலமே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். காரணம், “நிறுவனத்தின் குடும்ப உணர்வுக்குக் குந்தகம்”.

அரசு அதிகாரியிடம் உண்மை சொன்னதற்காக வேலையைப் பறித்தது மாநிலச் சட்டப்படி தவறு என்று வெர்லீன் தன் கையாலேயே எழுதி, டான்சி கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். எந்த வக்கீலும் கிடைக்கவில்லை. கவுண்டியில் இருந்த வக்கீல்கள் எல்லோரும் கார்லண்டின் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிடுகிறவர்கள்.

கார்லண்ட் பெருநகரத்திலிருந்து லூமிஸ் என்ற வக்கீலைப் பிடித்தார். லூமிஸின் நிறுவனத்தின் பெயரில் ஐந்து குடும்பப் பெயர்கள் வரும்; ஐந்து பேரும் காலமாகிவிட்டார்கள். லூமிஸ் வந்ததும் முதல் வேலையாக வழக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் படியேறினார். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. வழக்குப் போட்டவர் ஒரு மாநிலத்தவர், எதிராளி வேறு மாநிலத்தவர் என்றால் எதிராளி மத்திய அரசின் ஃபெடரல் நீதிமன்றத்தில் அடைக்கலம் கேட்கலாம். அந்தக் காலத்தில் வெளியூர் வியாபாரியை உள்ளூர்க்காரர்கள் கூடி மொட்டையடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வைத்த விதி.

ஆக, மாநிலத்தின் ஒவ்வொரு சாலை முனையிலும் மீனோடு சிரிக்கும் மனிதர், தான் ஒரு பரதேசி என்றும், தெரியாத ஊரில் தனக்கு நியாயம் கிடைக்காது என்றும் எங்களிடம் வந்து அழுதார். அவர் கென்டக்கிக்காரர் இல்லையாம். ஃப்ளோரிடாக்காரராம். அங்கே கடலோரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு, ஃப்ளோரிடா ஓட்டுநர் உரிமம், ஃப்ளோரிடா பல் டாக்டர். கடையின் ஒரே உரிமையாளர் அவர் என்பதால் கடையும் சட்டப்படி ஃப்ளோரிடாக்காரன்.

லூமிஸின் உண்மையான பயம் வேறு. டான்சி கவுண்டியில் விசாரணை நடந்தால் ஜூரியாக உட்காரும் பன்னிரண்டு பேரும் அந்த மீனைத் தின்றவர்களாக இருப்பார்கள். ஆற்று மீன் என்று நம்பி, ஆற்று மீனுக்கான விலை கொடுத்து, விருந்தாளிகளையும் கூட்டிப்போய்த் தின்றவர்கள். எங்கள் நகரத்து ஜூரிகளுக்குக் கெளுத்தி என்றாலே ஏளனம். வியட்நாம் கெளுத்தியோ வீட்டுக் கெளுத்தியோ, கண்டுகொள்ள மாட்டார்கள்.

வெர்லீனுக்கும் வேண்டியது அதேதான், நேர் எதிர்ப்பக்கமாக. தின்றவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். வேறு யார் முன்னாலும் சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை.

வழக்கைத் திருப்பி அனுப்பக் கோரி அவர் எழுதிய மனுவை நீதிபதி ஹோல்கம் தன் அறையில் சத்தமாகப் படித்தார்.

“‘என் கார் உங்கள் மேட்டில் ஏறாது. வாசலில் இருக்கும் காவலர் என் கேக் வெட்டும் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ரசீது தரவில்லை. வண்டி நிறுத்தும் மீட்டர் காசை முழுங்குகிறது.’ இது மனுவா, புகார்ப் பெட்டியா?”

“கடைசி வரி இருக்குங்க ஐயா” என்றேன்.

“‘சாப்பிட்டவர்களே இதைக் கேட்கட்டும்.’” கண்ணாடியைக் கழற்றினார். “சட்டப்படி இதுல ஒரு வரிக்கும் மதிப்பு கிடையாது.”

ஆனால் அவர் முகத்தில் ஒரு கனிவு படர்ந்தது. அந்தக் கனிவை நான் அறிவேன். ஃபெடரல் நீதிபதிகளிடம் தீர்க்கப்படாமல் தேங்கிக் கிடக்கும் மனுக்களின் கணக்கு வருடத்துக்கு இரண்டு தடவை ஊரறிய வெளியிடப்படும். அடுத்த கணக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் இல்லாதவர் வழக்கு என்றால் வாரம் ஒரு கையால் எழுதிய கடுதாசி வரும். அதைவிட முக்கியமாக, அதிகாரம் இல்லை என்று ஒரு வழக்கை மாநிலத்துக்குத் திருப்பி அனுப்பினால் அந்த உத்தரவின்மேல் யாரும் மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. நீதிபதியின் எழுத்தில் மேலே உள்ளவர்கள் திருத்தம் போட முடியாத உத்தரவுகள் உலகத்திலேயே ரொம்பக் குறைவு. கிடைத்தால் விட மாட்டார்கள்.

“அந்தம்மா கேக்காட்டியும், எனக்கு அதிகாரம் இருக்கான்னு பாக்க வேண்டியது என் கடமை” என்றார், ஓவியத்துக்கு உட்கார்ந்தவர் போல. “டாக்கெட்டோட வீடு எதுன்னு நேர்ல விசாரிச்சிடுவோம். வரச் சொல்லு.”

விசாரணை செப்டம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை.

வெர்லீனின் கார் மேடு ஏறாதது உண்மைதான். அதனால் நொரீன் ப்ரூவிட் என்ற பெண்மணி தேவாலயத்து வேனில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். வேனில் இடம் இருந்ததால் இன்னும் ஏழெட்டுப் பேர் தொற்றிக்கொண்டார்கள். பாதிப்பேர் திரும்பும் வழியில் நகரத்துத் தள்ளுபடிக் கடைக்குப் போவதற்காக வந்தவர்கள். எல்லோரும் பார்வையாளர் பெஞ்சில் முதல் வரிசையில், தேவாலயத்தில் உட்காருவதுபோல் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் நீதிபதியின் மேடைக்குப் பின்னாலிருந்த பித்தளைக் கழுகைப் பார்த்து, “கோழியாட்டம் இருக்கு” என்றார்.

கார்லண்ட் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். கோட்டில் தங்கக் கெளுத்தி ஊசி. நுழைந்ததும் என் கையைக் குலுக்கினார். காவலர் கையைக் குலுக்கினார். சுருக்கெழுத்துக்காரப் பெண்ணின் கையை, அவள் தட்டிக்கொண்டிருக்கும்போதே குலுக்கினார். பிறகு பெஞ்சைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

“நொரீன். நீ எங்க இங்க?”

“வண்டி ஓட்டிட்டு வந்தேன்” என்றார் நொரீன். “நீ எங்க இங்க? ஃப்ளோரிடாவுல இருந்து ரொம்ப தூரமாச்சே.”

நொரீன் யார் என்பது எனக்கு அப்போது தெரியாது. லூமிஸுக்கும் தெரியாது. அதுதான் அவர் செய்த தவறு. ஐந்து பெயர் கொண்ட நிறுவனத்தில் கார்லண்டின் வரிக் கணக்கைப் பார்த்தார்கள், பல் டாக்டரிடம் கடிதம் வாங்கினார்கள். டான்சி கவுண்டியில் அடுத்த சனிக்கிழமை என்ன நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கார்லண்டைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் செய்துவைத்தேன். லூமிஸ் அருமையாகத்தான் ஆரம்பித்தார். கடலோர வீட்டின் பால்கனி, அதிலிருந்து தெரியும் சூரிய அஸ்தமனம், உரிமத்தின் நகல், பற்கள். கார்லண்ட் ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க” என்றார். குரல் மட்டும் ஒவ்வொரு ஆமாமுக்கும் ஒரு படி இறங்கியது.

நீதிபதி குறுக்கிட்டார். “மிஸ்டர் டாக்கெட், பல்லு கெடக்கட்டும். உங்க வீடு எது?”

“எந்த அர்த்தத்துல கேக்குறீங்க ஐயா?”

“வீடுங்கற அர்த்தத்துல.”

“ஐயா, ரெண்டு எடத்துலயும் கட்டில் இருக்கு.”

“எத்தனை கட்டில் வேணா வெச்சுக்குங்க. சட்டம் கேக்கறது ஒண்ணுதான். கடைசி வரைக்கும் இருக்கணும்னு மனசுல நெனைக்கிற ஊர் எது? எங்க போய்ப் படுத்தா அப்பாடான்னு இருக்கும்?”

லூமிஸ் எழுந்தார். “ஆட்சேபணை, கனம் நீதிபதி அவர்களே. ‘அப்பாடா’ சட்டச் சொல் அல்ல.”

“நான் சொன்ன சொல்லுக்கே ஆட்சேபணையா?”

“மரியாதையோட சொல்றேன்.”

“மரியாதையோட உக்காருங்க. சரி, மிஸ் ஸ்டிடம், இவரை நீங்க ஏதாவது கேக்கணுமா?”

வெர்லீன் எழுந்தார். அவருக்குக் குடியிருப்புச் சட்டம் ஒரு எழுத்தும் தெரியாது. இந்த விசாரணை எதற்கு என்பதே பிடிபடவில்லை. மீனைப் பற்றித்தான் பேச்சு வரும் என்று நினைத்து வந்திருந்தார். ஆனால் பல வருடம் இந்த மனிதரிடம் வேலை பார்த்தவருக்கு அவரை எங்கே கிள்ளினால் வலிக்கும் என்பது தெரியும்.

“கார்லண்ட், நீ ஃப்ளோரிடாக்காரனாயிட்ட, சந்தோஷம். அப்ப சனிக்கிழமை கிரீடத்தை யாருக்கு வெக்கிறாங்க?”

கார்லண்டின் கை கோட்டு ஊசிக்குப் போனது.

“எந்தக் கிரீடம்?” என்றார் நீதிபதி.

“கெளுத்தி ராஜா கிரீடங்க, கண்ணு” என்றார் வெர்லீன். ஃபெடரல் நீதிபதியை யாரும் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. சுருக்கெழுத்துப் பெண் ஒரு கணம் தயங்கி, அதையும் தட்டினாள்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. டான்சி கவுண்டியில் வருடா வருடம் கெளுத்தித் திருவிழா. கமிட்டி ஒருவரை ராஜாவாகத் தேர்ந்தெடுக்கும். காகிதக் கூழில் செய்து வெள்ளிப் பூச்சடித்த கிரீடம், இரண்டு பக்கமும் முழ நீள மீசை. ராஜா கவுண்டி நீதிமன்றத்துப் படியில் நின்று, ஈரக் கெளுத்தியின்மேல் கை வைத்து, ‘இந்த ஊரைத் தவிர எனக்கு ஊர் இல்லை’ என்று சத்தியம் செய்ய வேண்டும். அப்புறம் டிராக்டரில் ஊர்வலம். இத்தனைக்கும் அதில் சம்பளம் கிடையாது, அதிகாரம் கிடையாது. ஒரு வருடம் எங்கே சாப்பிடப் போனாலும் ஜனங்கள் எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான். கார்லண்ட் பல காலமாக அதற்கு ஏங்கிக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு மேடை போட்டுக் கொடுத்தார், எண்ணெய் கொடுத்தார், பேண்டு வாத்தியம் கொடுத்தார். கமிட்டியோ கிரீடத்தைக் கால்நடை டாக்டருக்குக் கொடுத்தது. சவ அடக்கம் செய்கிறவருக்கு இரண்டு தடவை கொடுத்தது. இந்த வருடம்தான் கார்லண்ட் முறை.

கமிட்டியின் தலைவி நொரீன் ப்ரூவிட்.

“அந்தச் சத்தியத்தை நீங்க சனிக்கிழமை செய்யப் போறீங்களா, மிஸ்டர் டாக்கெட்?” நீதிபதி முன்னால் சாய்ந்தார்.

“அது ஒரு விளையாட்டுங்க ஐயா. மீன்மேல செய்றது.”

பெஞ்சில் ஒரு சலசலப்பு. நொரீன் எழுந்து நின்றார். “விளையாட்டுன்னா பரவால்ல. ரெண்டாவதா வந்த மளிகைக்கடை எல்வுட் வீட்ல தயாரா இருக்கான். தலை அளவும் ஏறக்குறைய ஒண்ணுதான்.”

காவலர் நகர்ந்தார். “மேடம், உக்காருங்க” என்றார் நீதிபதி.

“உக்கார்றேன். ஃபோன் பண்ணி எல்வுட்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

லூமிஸ் கூண்டருகே ஓடினார். “ஐயா, என் கட்சிக்காரரோட பேச ஐந்து நிமிடம்…”

“எல்வுடா?” என்றார் கார்லண்ட். லூமிஸை அவர் பார்க்கவே இல்லை. “எல்வுடு அப்பன் டென்னஸியில இருந்து பொழைக்க வந்தவன்.”

“மிஸ்டர் டாக்கெட், பதில் சொல்லாதீங்க” என்றார் லூமிஸ்.

“நான் டான்சியில பொறந்தவன். எங்கப்பன், அவங்கப்பன் எல்லாம் அங்கதான் கெடக்கான். எனக்கும் பக்கத்துல எடம் வாங்கிக் கல்லும் நட்டாச்சு, தேதி மட்டும்தான் பாக்கி. சாகற வரைக்கும் அங்கதான். செத்தப்புறமும் அங்கதான். இத எந்த மீன்மேல வேணா சொல்றேன்.”

“அப்ப ஃப்ளோரிடா?”

“அது வரிக்காகங்க” என்றார் கார்லண்ட்.

ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. கென்டக்கி வருமான வரிக்காரர்கள் எங்கள் நீதிமன்றத்துக்கு வருவதில்லை. ஆனால் அவர்களுக்குப் படிக்கத் தெரியும். சுருக்கெழுத்துப் பெண் அந்த ஒரு வரியைத் தட்டிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. லூமிஸ் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய், கண்ணெதிரே சொந்த வீடு எரிவதைப் பார்க்கிறவர் போல உட்கார்ந்தார். கார்லண்ட் மட்டும் முகம் மலர்ந்து நொரீனைப் பார்த்தார். நொரீன் தலையசைத்தார். வரிச் சலுகையையும் வழக்கையும் விட்டுக்கொடுத்து, காகிதக் கூழைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட திருப்தி அந்த மனிதர் முகத்தில் இருந்தது.

பிறகு நீதிபதி ஹோல்கம் தீர்ப்புச் சொன்னார். ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்: இரண்டு பேரும் கென்டக்கிக்காரர்கள், எனக்கு வேலை இல்லை, போங்கள். அவர் குடியரசை நிறுவியவர்களிலிருந்து ஆரம்பித்தார். மாநிலங்களின் மாண்பு, ஃபெடரல் அதிகாரத்தின் தன்னடக்கம், தனக்கு இல்லாத அதிகாரத்தை ஒரு நாளும் எடுத்துக்கொள்ளாத நீதிபதியின் தவம். பேசும்போது சுவரில் ஓவியங்களுக்கு நடுவே காலியாக இருந்த இடத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டார். நடுநடுவே கடிகாரத்தையும். “ஆகவே, இந்த நீதிமன்றத்துக்கு இவ்வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லை. டான்சி கவுண்டி நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது.”

அறைக்குள் போனதும் அங்கியைக் கழற்றிக்கொண்டே, “ஒண்ணு கொறஞ்சுது” என்றார்.

வெளியே நடைவழியில் வெர்லீன் என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“அதிகாரம் இல்லன்னுட்டாரே. தோத்துட்டேனா கண்ணு?”

“சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு…”

“ஆலோசனை யாரு கேட்டா? மொகத்தையாவது ஒழுங்கா வெச்சுச் சொல்லேன்.”

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். “உங்க ஊர் கோர்ட்டுல வண்டி நிறுத்தக் காசு கேப்பாங்களா மேடம்?”

“எங்க ஊர்லயா? புல்வெளில விட்டுட்டுப் போவோம்.”

“நல்லது” என்றேன். “கொஞ்சம் மிச்சம் புடிக்கலாம்.”

வழக்கு ஊருக்கே திரும்புகிறது என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு பளிங்குத் தூணின் அடியில் நின்றுகொண்டு நொரீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எல்லோருமாகத் தள்ளுபடிக் கடைக்குக் கிளம்பினார்கள்.

*

வசந்த காலத்தில் டான்சி கவுண்டியில் விசாரணை நடந்தபோது நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அந்த நீதிமன்றத்துக்கு நாலே படிதான். ஓவியங்கள் கிடையாது, வருடா வருடம் முடிசூடிய கெளுத்தி ராஜாக்களின் புகைப்படங்கள் இருந்தன. கடைசிப் படத்தில் மீசை வைத்த கிரீடத்தோடு கார்லண்ட்.

ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களைப் பார்த்து நீதிபதி, அங்கே ஒரு பெண்மணி, கேட்டார்: “இதுல யாரெல்லாம் கார்லண்ட் கடையில சாப்பிட்டிருக்கீங்க?”

எல்லாக் கையும் உயர்ந்தது. வாசலில் நின்ற காவலர் கையும், பழக்க தோஷத்தில் நீதிபதியின் கையும் பாதிவரை உயர்ந்தது.

“இத்தனை பேரையும் நீக்கணும், கனம் நீதிபதி அவர்களே” என்றார் லூமிஸ். “யாருமே பாரபட்சம் இல்லாதவங்க இல்ல.”

“நீக்கிட்டு? ஒஹையோவுல இருந்து ஆள் புடிச்சுட்டு வரவா தம்பி?”

வெர்லீன் ஜூரியின் முன்னால் வந்து நின்றார். எழுதி வைத்திருந்த தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்; அதைப் பார்க்கவும் இல்லை.

“உங்களை எல்லாம் எனக்குத் தெரியும். டாலஸ், நீ எப்பவும் வால் பக்கம் கேப்ப. ஜூனி, நீ உன் கல்யாண நாளைக்கு அங்கதான் வந்த. உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஆத்து மீனுன்னு சொன்னது நான்தான். பொய். பொய் சொன்ன வரைக்கும் என் வேலை பத்திரமா இருந்துச்சு. ஒரு தடவை நெசத்தைச் சொன்னேன், அன்னிக்கே போச்சு. அவ்வளவுதான் கேஸு.”

உட்கார்ந்துவிட்டார். டாலஸ் என்ற பெரியவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

கார்லண்ட் கூண்டேறியபோது வெர்லீன் கேட்டது ஒரே கேள்வி. “மீன் எந்த ஊரு, கார்லண்ட்?”

லூமிஸ் அவரை இதற்குப் பல வாரம் பழக்கியிருக்க வேண்டும். ‘பல்வேறு வழங்குநர்கள்’ என்று ஏதோ சொல்லித்தான் தொடங்கினார் கார்லண்ட். ஜூரி அவரையே பார்த்தது. அவர் ராஜா; அவரைக் கண்டதும் எழுந்து நின்று மரியாதை செய்தவர்கள் அவர்கள். கேவலமாகப் பதில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஃபெடரல் நீதிமன்றத்தில் கற்றுக்கொண்ட சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

“பொறந்த ஊர் முக்கியமில்ல. இத ஒரு பெரிய நீதிபதியே எங்கிட்டச் சொன்னாரு. கடைசி வரைக்கும் எங்க இருக்கணும்னு நெனைக்குதோ அதான் சொந்த ஊர். அந்த மீன் டான்சி கவுண்டிக்கு வந்துச்சு. திரும்பிப் போறதா அதுக்கு உத்தேசமே கெடையாது.”

முதலில் சிரித்தது நீதிபதி. பிறகு காவலர். ஜூனி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். லூமிஸ் தன் பேனா மூடியைத் திறந்து மறுபடி மூடினார். ஜூரியில் டாலஸ் மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமைகள் என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஜூரி திரும்பிவிட்டது. வெர்லீன் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்தார்கள். அவருக்கு நடந்ததற்காகக் கொஞ்சம், தங்கள் வயிற்றுக்கு நடந்ததற்காக மிச்சம் என்று எனக்குப் பட்டது. நீதியைப் பற்றி அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை, எல்லோருக்கும் பசி.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகையைப் பார்த்தேன். நடு வரியின்மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். எங்க ஆறு. பிறகு ஒரு வெள்ளைப் பட்டை. எங்க ஆளு. கார்லண்ட் அணைத்திருந்த மீன் மட்டும் அப்படியே இருந்தது.

எனக்கும் பசித்தது. பலகைக்குக் கீழேயே கடை. வாசலில் கார்கள் நிறைந்து, புல்லிலும் நின்றன. உள்ளே ஒரு மூலையில் டாலஸ் வால் துண்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

மீன் நன்றாகத்தான் இருந்தது. பரிமாறிய பெண்ணிடம் எந்த ஊர் மீன் என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து நின்று, முகத்தில் ஒன்றும் இல்லாமல் சொன்னாள்: “அதப் பத்திச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க.”